மூன்றாவது வரியில் ஆறு தட்டு

பஸ் வளைவுகளில் திரும்பினால் எனக்குக் குமட்டாது சார், பயப்படாதீர்கள். நாற்பது வருஷமாக இந்த மலையில் ஏறி இறங்குகிறேன். இப்போது கண் காட்ட மதுரைக்குப் போகிறேன். வலது கண்ணில் புரை. இடது கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

பழகாதவர்களிடம் பேசுகிற ஆள் இல்லை நான். பழகினவர்களிடமும் அப்படித்தான். பெயர் பெத்தணசாமி. ஆறாம் வகுப்போடு நின்றவன். நாயுடுபுரத்தில் வீடு. பழ மண்டியில் இருபத்தொன்பது வருஷம் எடை போட்டேன். பேரிக்காய், பிளம்ஸ், மலைப்பூண்டு. அங்கே வாயைத் திறந்தால் எண்ணிக்கை மட்டும்தான் வரும், வேறு பேச்சுக்கு வேலை இல்லை. அது பிடித்திருந்தது.

பஜனை மடத்தில் முப்பத்தொரு வருஷமாக ஜால்ரா என் கையில்தான். மார்கழி முப்பது நாளும் விடிகிற நேரம் போய்விடுவேன். டைபாய்டு வந்த வருஷம் நான்கு நாள் தவறியது. மற்றபடி இல்லை. ஜால்ரா என்றதும் சிரிக்கிறார்கள் சார் ஜனங்கள். பாடுகிறவன் தடுமாறினால், மிருதங்கக்காரன் தூங்கி வழிந்தால், கூட்டத்தை இழுத்துக் கட்டுவது அந்த இரண்டு வெண்கலத் தட்டுதான். யாரும் அதைக் கவனிப்பதில்லை. தவறினால் மட்டும் கவனிப்பார்கள்.

சொல்ல வந்தது இந்த வருஷம் பங்குனியிலிருந்து ஆனி வரை நடந்தது.

பங்குனி நான்காம் தேதி பக்கத்து வீட்டுக்கு ஒரு அமெரிக்கத் தம்பதி குடி வந்தார்கள். வெஸ்லி, ரூத். இரண்டு பேருக்கும் என் வயசு இருக்கும். வெஸ்லி சின்னப் பிள்ளையில் இங்கே விடுதியில் தங்கிப் படித்தவராம். தமிழ் கொஞ்சம் ஞாபகம் வைத்திருந்தார். அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை தெரியாது. வந்து மூன்றாம் நாளே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் கையில் பான்ஜோ. வட்டமாக, பறை மாதிரி தோல் கட்டி, மேலே கம்பி இழுத்திருக்கும். ஐந்து கம்பி. நான்கு கம்பி நுனி வரைக்கும் போகும், ஐந்தாவது பாதிக் கழுத்திலேயே நின்றுவிடும். அது எனக்கு முதலிலேயே பிடிக்கவில்லை. ஐந்து என்றால் ஐந்தும் ஒரே இடத்தில் முடிய வேண்டாமா? அந்த அம்மா கையில் மாண்டலின். கிட்டாருக்கு நம் ஊர் ஆள் ஒருவர், சேவியர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார்.

சேவியர்தான் வீடு வீடாக வந்து கூப்பிட்டார். "சனிக்கிழமை மூணு மணிக்கு தொரை வீட்டுக்கு வாங்க ஐயா. சும்மா கேட்டுட்டுப் போங்க. டீ உண்டு."

முதல் சனிக்கிழமை பதினொரு பேர் போனோம். நான், என் வீட்டுக்காரி குருவம்மாள், பேக்கரி ரோஸ்லின், ரிட்டையர் ஆன போஸ்ட் மாஸ்டர் ஞானப்பிரகாசம், இன்னும் ஏழு பேர். வெஸ்லி எழுந்து நின்று, "இது எங்க மலைப் பாட்டு. பேரு புளூகிராஸ். நீலப் புல்லு" என்றார்.

ஞானப்பிரகாசத்தால் சும்மா இருக்க முடியாது. "புல்லு நீலமா இருந்தா மாடு திங்குமா தொரை?"

"எங்க ஊர் மாடு திங்கும்" என்றார் வெஸ்லி. எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் வாசித்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. அவ்வளவு வேகம் சார். எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஓடுகிற மாதிரி இருந்தது. "தகரக் கொட்டகையில ஆலங்கட்டி விழுந்த மாதிரி இருக்கு" என்று போஸ்ட் மாஸ்டர் காதில் சொன்னார். நான் தேடியது ஒன்றே ஒன்று. தாளம் போடுகிற ஆள் யார்? மத்தளம் இல்லை, ஜால்ரா இல்லை, கை தட்டவும் ஆள் இல்லை. தாளம் இல்லாத பாட்டு என்று முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை ஏழு பேர். மூன்றாவது சனிக்கிழமை நான்கு பேர். நாங்கள் இருவர், ரோஸ்லின், போஸ்ட் மாஸ்டர். அவர் டீக்கு வந்தார். நான் ஏன் போனேன் என்றால், குருவம்மாள் போனாள். தனியாக விடக்கூடாது என்று போனேன்.

அன்றைக்கு சேவியர் ஒரு யோசனை சொன்னார். "ஒரே பாட்டை மூணு தடவை வாசிக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஒரு வாத்தியத்தை மட்டும் கேளுங்க. மத்ததை விட்டுருங்க. முதல்ல பான்ஜோ."

நான் வெஸ்லியின் கையையே பார்த்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மூன்றிலும் உறை மாட்டியிருப்பார். முதலில் மூன்று, அடுத்து மூன்று, அடுத்து இரண்டு. திரும்ப மூன்று, மூன்று, இரண்டு. தகிட தகிட தக. எட்டு! அட, இது நம்ம கணக்கு என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த தடவை மாண்டலினைக் கேட்கச் சொன்னார்கள். அந்த அம்மா பாதி நேரம் கம்பியை மீட்டவே இல்லை, அழுத்திப் பிடித்துக்கொண்டு 'சக்' என்று வெட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் ஒரு சக். நாங்கள் தட்டின் மேல் அடிப்போம், இவர் தட்டு போன பிறகு உள்ள சந்தில் அடிக்கிறார். தாளக்காரர் இவர்தான்! மூன்று வாரமாக என் கண் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து கூட்டம் ஏறியது. ஒன்பது, பன்னிரண்டு, பதினான்கு. போஸ்ட் மாஸ்டர்கூட, "இப்ப பான்ஜோ முறை, இப்ப கிட்டாரு முறை, பேசாதீங்க" என்று மற்றவர்களை அதட்டும் அளவுக்கு வந்துவிட்டார். ஒவ்வொருவரும் முறை வைத்து முன்னால் வந்து தனியாக வாசித்துவிட்டுப் பின்னால் போவார்கள். அடுத்தவர் வரும்போது இடித்துக்கொள்ளவே மாட்டார்கள். வெஸ்லி முன்னால் வர இரண்டு அடி, பின்னால் போக மூன்று அடி. எண்ணியிருக்கிறேன்.

ஐந்தாவது சனிக்கிழமை அது நடந்தது. குருவம்மாள் எப்போதும் கடைசியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். சும்மா உட்கார அவளுக்கு வராது. ரூத் அம்மா பாடிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்தார். சேவியரிடம் ஏதோ சொன்னார்.

"அம்மா, இப்ப ஒண்ணு பாடினீங்களே, அதைத் திரும்பப் பாடுங்க" என்றார் சேவியர்.

"நான் எங்க பாடினேன்? பூண்டுல்ல உரிச்சேன்."

"பாடினீங்கக்கா. எனக்குக் கேட்டுச்சு" என்றாள் ரோஸ்லின்.

அங்கே நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "அவளுக்குக் குரல் மேல ஏறிடும். கூட்டத்தோட ஒத்து வராது. விட்டுருங்க."

சேவியர் அதை இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மா சிரித்துவிட்டுத் தன் தலைக்கு மேல் கையை உயர்த்திக் காட்டினார். "அதுதான் வேணுமாம் ஐயா" என்றார் சேவியர். "பாடுறவங்களுக்கு மேல இன்னொரு குரல் நிக்கணும். வெஸ்லியோட தம்பி பாடுவாராம், அவர் ஊர்ல இருக்கார். அது இல்லாம மொட்டையா இருக்குன்னு ரெண்டு பேரும் புலம்பிட்டு இருந்தாங்க."

எல்லோரும் குருவம்மாளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் தப்பாக நினைப்பீர்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில் குருவம்மாள் பஜனையில் பெண்கள் வரிசையில் முதல் ஆளாக நின்று பாடினாள். ஐந்து பெண்கள் ஒரு சுருதியில் போக, இவள் குரல் மட்டும் அதற்கு மேலே போய் நிற்கும். எனக்கு எண்ணிக்கை கலைந்துவிடும். ஒரு நாள் தட்டை நிறுத்தி, "கீழ பாடு, இல்லேன்னா வாயை மூடிட்டு நில்லு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எண்ணினால் ஏழு வார்த்தைகூட வராது. அடுத்த நாள் அவளாகவே பின்னால் போய்ப் பொங்கல் அண்டா பக்கம் நின்றுகொண்டாள். நான் போகச் சொல்லவில்லை. அதற்கப்புறம் இருபத்திரண்டு மார்கழியும் வந்தாள், பொங்கல் கொடுத்தாள், பாடவில்லை. வீட்டிலும் பாடவில்லை. பிடிக்காமல் போயிருக்கும் என்று நினைத்தேன்.

அன்றைக்கு அவள் என்னைப் பார்த்ததும், பத்துப் பேர் முன்னால் என்ன சொல்ல முடியும், தலையை ஆட்டி வைத்தேன். பூண்டு முறத்தை ரோஸ்லினிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

அந்தப் பாட்டைச் சொல்ல வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். சாயங்காலம் தூரத்தில் பிறந்த வீட்டு அடுப்புப் புகை தெரிகிறது. முதல் சுற்றில் அம்மாவைக் கூப்பிடுகிறாள், பதில் இல்லை. இரண்டாவது சுற்றில் அண்ணன். மூன்றாவது சுற்றில் அந்த வீட்டு நாயை. அவ்வளவுதான் பாட்டு. சேவியர் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். குருவம்மாள் நான்காவது வரை படித்தவள். அந்தத் தாளை அடுப்பங்கரைச் சுவரில் மாவுப் பசை தடவி ஒட்டி வைத்திருந்தாள்.

ஒரு சுற்றுக்கு நான்கு வரி. வரிக்கு எட்டுத் தட்டு. முதல் இரண்டு வரி ரூத் அம்மா மட்டும். மூன்றாவது வரியில் குருவம்மாள் மேலே சேர வேண்டும். அங்கேதான் நான் கண்டுபிடித்தேன். மூன்றாவது வரியில் ஆறு தட்டுதான் இருக்கிறது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஆறு தட்டு ஆனதும் நான்காவது வரிக்குத் தாவிவிடுகிறார்கள். இரண்டு தட்டைக் காணோம். முதல் நாள் என் காதுதான் தவறியது என்று நினைத்தேன். பதினேழு தடவை எண்ணினேன். பதினேழு தடவையும் ஆறு.

வெஸ்லியிடம் போய்ச் சொன்னேன். நானாகப் போய்ப் பேசினது அதுதான் முதல் தடவை. போகும் முன் வாசலில் மூன்று முறை நடந்தேன்.

"அது கோணல் பாட்டு, பெத்தண்ணா" என்றார். அப்படித்தான் கூப்பிடுவார். "எங்க அம்மா இப்படித்தான் பாடுச்சு. அவங்க அம்மாவும் இப்படித்தான் பாடுச்சு."

"மூணு தலைமுறையா யாரும் எண்ணிப் பார்க்கலையா?"

"எண்ணினோம். ஆறு."

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. சேவியரிடம் சொன்னேன். "ஐயா, அந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பாடுவாங்க" என்றார். ஊர் முழுக்கத் தராசு சாய்ந்திருந்தால் எடை சரியாகிவிடுமா சார்? யாராவது ஒருவர் சொன்னால்தானே தெரியும். ஒரு நன்றிகூட எதிர்பார்க்கவில்லை நான். காது கொடுத்திருக்கலாம்.

அதற்குள் ஊருக்கே ஒரு கச்சேரி என்று முடிவாகிவிட்டது. ஆனி மாதம் முதல் சனிக்கிழமை, சர்ச்சை ஒட்டின ஹாலில், சாயங்காலம் நான்கு மணிக்கு. அது முடிந்ததும் தம்பதி ஊருக்குக் கிளம்புகிறார்கள். பதினொரு பாட்டு, குருவம்மாளுடையது ஒன்பதாவது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊர் ஜனம் உட்கார்ந்திருக்கும். அதில் தாளம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். இரண்டு தட்டு குறைந்தால் அமெரிக்காக்காரர்களையா சொல்வார்கள்? பெத்தணசாமி பெண்டாட்டி தாளம் விட்டாள் என்பார்கள். அதனால் வீட்டில் நானே சரி பண்ண ஆரம்பித்தேன்.

தினம் காலை பத்து மணிக்கு உட்கார வைப்பேன். ஜால்ராவை வைத்துக்கொண்டு, "அம்மா" என்று கூப்பிட்டதும் ஏழு, எட்டு என்று இரண்டு தட்டு நிற்க வேண்டும், நான் கை காட்டியதும் நான்காவது வரி. "நீ சரியா நின்னா அவங்களும் நின்னுதானே ஆகணும்" என்று சொன்னேன். பத்தொன்பது நாள், நாளைக்கு இருபது தடவை. முன்னூற்று எண்பது தடவை பாடியிருக்கிறாள்.

ஒரு நாள் நிறுத்திவிட்டாள். "நீங்க சொல்றபடி பாடினா, அவ என்னத்துக்கு அங்க நிக்கிறான்னு எனக்கு விளங்கலை."

"யாரு?"

"பாட்டுல வர்றவ. பதில் வராதுன்னு அவளுக்குத் தெரியும்ல? தெரிஞ்சவ எம்புட்டு நேரம் நிப்பா? உலை கொதிச்சிருக்கும். திரும்பிப் போய்டுவா. அதான் அங்க வெடுக்குனு முடியுது."

"பாட்டுக்கு உலையும் கிடையாது, அடுப்பும் கிடையாது. எட்டுன்னா எட்டு."

"சரி" என்றாள்.

குருவம்மாள் கீழே தேவதானப்பட்டிக்காரி சார். கல்யாணம் ஆன புதிதில், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பாறை ஓரமாகப் போய் நின்று கீழே பார்ப்பாள். ஒரு குடம் நிறைய ஆறு நிமிஷம் ஆகும். அந்த ஆறு நிமிஷமும் நிற்பாள். சளி பிடிக்கும் என்று சொல்வேன். அப்புறம் வீட்டுக்கே குழாய் வந்துவிட்டது.

கச்சேரிக்கு முந்தின நாள் அவளிடம் தெளிவாகச் சொன்னேன். "நான் முதல் வரிசையில நேர் எதிரே இருப்பேன். நீ வேற யாரையும் பார்க்காதே. என்னைப் பாரு. கை காட்டினதும் நுழை." அதற்கும் "சரி" என்றாள். சரி என்றால் சரி என்றுதானே எடுத்துக்கொள்வோம்?

நீங்களும் அங்கே இருந்தீர்கள். தெரியும் சார். மூன்றாவது வரிசை, வலது பக்கம், ஓரத்திலிருந்து இரண்டாவது நாற்காலி. சாம்பல் கலர் ஸ்வெட்டர். பஸ் ஸ்டாண்டில் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் என்னைத் தெரிந்திருக்கும், நான் உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பரவாயில்லை. நீங்கள் பார்த்தது ஜால்ராக் கிழவனைத்தான். அதற்கு முன்னால் இருந்ததை நீங்கள் பார்க்கவில்லை இல்லையா? அதனால்தான் இவ்வளவும் சொன்னேன்.

நூற்றுப் பதினெட்டுப் பேர். ஹாலில் இருந்தது நூற்று நாற்பது நாற்காலி. வெளியே மூடுபனி இறங்கி ஜன்னலெல்லாம் வெள்ளையாக இருந்தது. எட்டுப் பாட்டையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். ஜால்ரா சட்டைப் பையில் இருந்தது. அடிக்கிற எண்ணம் இல்லை. கை காட்டி அவள் பார்க்காவிட்டால் ஒரு சின்னத் தட்டு தட்டலாம் என்று கொண்டு போனேன்.

சேவியர் பெயரைச் சொன்னார். குருவம்மாள் மேடை ஏறினாள். நான்கு படி. பச்சை நூல் புடவை. ஸ்வெட்டரைக் கழற்று என்று சொல்லியிருந்தேன், கழற்றவில்லை. ஒரே ஒரு மைக். நான்கு பேரும் அதைச் சுற்றித் தலையைச் சேர்த்து நின்றார்கள். ரூத் அம்மா முதல் வரி பாடினார். எட்டு. இரண்டாவது வரி. எட்டு. நான் கையை உயர்த்தினேன். குருவம்மாள் என் பக்கம் பார்க்கவே இல்லை. அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது வரியில் சேர்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. நான்காவது வரிக்குப் போய்விட்டாள், அவர்களோடு.

என் கை எப்போது பைக்குள் போனது என்று சத்தியமாகத் தெரியாது சார். ஏழு. எட்டு. இரண்டு தட்டு. அந்த ஹாலில் அது எப்படிக் கேட்டது என்று உங்களுக்குத் தெரியும். என் தட்டு தாளத்தில்தான் விழுந்தது, அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர்கள் அடுத்த வரியில் இருந்தார்கள். என் பக்கத்திலிருந்த போஸ்ட் மாஸ்டர், "யோவ், என்னய்யா பண்றே?" என்றார்.

இரண்டாவது சுற்று. இப்போது புரிந்துகொண்டிருப்பாள், நிற்பாள் என்று நினைத்தேன். அண்ணனைக் கூப்பிட்டாள். ஆறு தட்டு. நான் தட்டினேன். அவள் நின்றுவிட்டாள்.

அவர்கள் நிற்கவில்லை. ரூத் அம்மா நான்காவது வரியில் போய்க்கொண்டிருக்கிறார், வெஸ்லி போகிறார், இவள் வாயைத் திறந்தபடி நிற்கிறாள், சத்தம் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தட்டு நின்றதும் எப்படி நின்றாளோ, அதே நிற்பு. அந்த முகத்தை நான் அப்போது பார்த்திருக்கவில்லை. ஜால்ராக்காரன் எதிரே பார்க்க மாட்டான், கையைத்தான் பார்ப்பான். அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த வரி முழுக்க அவள் இல்லாமலே போயிற்று. யாரோ பின்னால் உச்சுக் கொட்டினார்கள். யாரோ சிரித்தார்கள்.

அடுத்து வெஸ்லி தனியாக வாசிக்கிற முறை. மூன்று மூன்று இரண்டு. அவர் வாசிக்கும்போது அவள் ஓரடி பின்னால் போனாள். படியைப் பார்த்தாள். இறங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். இறங்கினால் நல்லது, வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன். ரூத் அம்மா 'சக்' வெட்டிக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து மைக் பக்கத்தில் இடம் விட்டார். ஒரு ஆள் நிற்கிற அளவு இடம். குருவம்மாள் அந்த இடத்தைப் பார்த்தாள். அப்புறம் வந்து நின்றாள். எனக்குத் தோள்தான் தெரிந்தது. என் பக்கம் முதுகு வருகிற மாதிரித் திரும்பி நின்றாள்.

மூன்றாவது சுற்று. ஜால்ரா இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்தேன். விளிம்பு உள்ளங்கையில் பதிந்துவிட்டது, நான்கு நாள் இருந்தது அந்தத் தழும்பு. போஸ்ட் மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். தேவையே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. எனக்குள் ஏழு எட்டு என்று ஓடியது. வெளியே வரவில்லை. முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். நீங்களும் நின்றீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். அதையும் பார்த்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே வந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடி இருக்கும். வழியில் இரண்டே இரண்டு வார்த்தை பேசினாள், "பால் வாங்கணும்" என்று. வாங்கினோம். நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்தேன். திட்டவில்லை. சண்டை போடவில்லை. தினமும் சோறு போடுகிறாள், மருந்து எடுத்து வைக்கிறாள், இன்றைக்குக் கண்ணுக்குப் போகிறேன் என்று வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். ரூத் அம்மாவும் வெஸ்லியும் ஊருக்குப் போய்விட்டார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு சேவியர் வீட்டில் இவளும் ரோஸ்லினும் இன்னும் சிலரும் பாடுகிறார்களாம். என்னை யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

வீட்டில் பாடுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்கு இப்போது வந்திருப்பவர்கள் சொன்னார்கள். "உங்க வீட்டம்மாவுக்கு என்ன குரல் ஐயா" என்றார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டால் நின்றுவிடுகிறது போலிருக்கிறது. ஒரு நாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்படியும் தெரிந்துவிட்டது அவளுக்கு.

போன வாரம் கேட்டுவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அன்னைக்குக் கடைசிச் சுற்று எப்படிப் பாடினே?"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்கதான் முதல் வரிசையில இருந்தீங்களே" என்றாள்.

நிஜம்தான். இருந்தேன். முதல் வரிசை, நட்ட நடு நாற்காலி, மைக்குக்கு நேர் எதிரே பதினான்கு அடி. ஆறு தட்டு என்று சொல்ல முடிகிறது, சார். அந்த ஆறு தட்டுக்குள் என்ன இருந்தது என்று சொல்ல முடியவில்லை. எவ்வளவு யோசித்தாலும் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்றுதான் வருகிறது. யாராவது போனில் பிடித்தார்களா என்று சேவியரிடம் கேட்டேன். ஒரு பையன் பிடித்திருந்தான். வாங்கிக் கேட்டேன். முதல் சுற்று இருக்கிறது, என் ஜால்ரா சத்தம் இருக்கிறது, இரண்டாவது சுற்றில் அவள் நின்றது இருக்கிறது. அதோடு அவன் போனைக் கீழே வைத்துவிட்டான்.

நீங்கள் அங்கே இருந்தீர்கள். நீங்கள் எதையும் எண்ணவில்லை. நான் சுற்றி வளைத்து இவ்வளவு தூரம் வந்தது இதைக் கேட்கத்தான். அந்த நாயைக் கூப்பிடுகிற இடத்தில் அவள் குரல் எப்படி இருந்தது? மேலே போயிற்றா? அப்படி அங்கேயே நின்றதா, உடைந்ததா?

அவசரம் ஒன்றும் இல்லை. டம்டம் பாறையை இப்போதுதான் தாண்டியிருக்கிறோம். வத்தலக்குண்டுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் ஆகும். மெதுவாகச் சொல்லுங்கள் சார். நான் கையை அசைக்காமல் வைத்திருக்கிறேன்.